பதினான்காம் பொருள்

பர்மாவைப் புயல் புரட்டிப் போட்ட 2008ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆமத்தூர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து நாலாயிரம் குடும்பப் பொட்டலங்கள் தூத்துக்குடித் துறைமுகம் வழியே அந்நாட்டுக்குப் போயின. அதுபற்றி வெளிவந்த செய்திக்குறிப்பில் ஆறு வரிகள் இருந்தன. ஆறு வரிகளிலும் அலுவலர்கள் இருந்தார்கள். பொட்டலம் கட்டிய பெண்கள் ஒரு வரியிலும் இல்லை. குறிப்பை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கோபம் வந்தது. ஆகவே, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் என் பிழையும் ஒன்று உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை.

வெளிநாட்டுக்கு உதவி போகும் வழி நேரானதன்று. தில்லியில் முடிவெடுத்தார்கள், தில்லி சென்னைக்குச் சொல்லியது, சென்னையிலிருந்த நிவாரணப் பிரிவு நான்கு மாவட்டங்களுக்குப் பங்கு பிரித்தது. எங்கள் மாவட்டத்தின் பங்கு நாலாயிரம் பொட்டலம். ஒவ்வொன்றிலும் பாய், போர்வை, லுங்கி, சமையல் பாத்திரம், சோப்பு, தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரை என இருபத்திரண்டு பொருள்கள் இருக்க வேண்டும். கப்பல் வெள்ளிக்கிழமை நண்பகலில் புறப்படும். எங்களுக்குச் செய்தி எட்டியபோது அதற்கு முந்தைய சனிக்கிழமை ஆகிவிட்டது.

விருதுநகரில் கூடிய அவசரக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். ஆமத்தூர்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதாலும், கோடை விடுமுறையில் பள்ளிக் கட்டடம் காலியாக இருந்ததாலும், கண்காணிப்பாளர் என்னும் பொறுப்பை வட்டாட்சியர் என் தலையில் வைத்திருந்தார். சென்னையிலிருந்து வந்திருந்த நிவாரண அலுவலர், இந்த வேலையைச் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் கொடுப்பதே உத்தமம் என்று பேசிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், வெளுத்த சட்டை, கையில் எந்நேரமும் ஒரு நீலநிறக் கோப்பு.

பின்வரிசையிலிருந்து செல்வலட்சுமி எழுந்தாள். ஆமத்தூர் மகளிர் குழுவின் தலைவி அவள். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்றில், தீபாவளிக்கு விற்கும் கிப்ட் பாக்ஸ் கட்டும் பிரிவில் பதினெட்டு ஆண்டு வேலை பார்த்தவள். என் பழைய மாணவி; கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவள்; எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்.

"நாலு நாள்ல நாங்க முடிச்சுத் தாரோம் சார்" என்றாள்.

அலுவலர் சிரித்தார். "இது பட்டாசு இல்லை அம்மா."

"பட்டாசு இல்லன்னா இன்னும் லேசுதான சார்? பட்டாசுல முப்பது அயிட்டம். சங்குசக்கரம் உடையக் கூடாது, கம்பி மத்தாப்பு வளையக் கூடாது, ஒண்ணு கொறஞ்சா அம்புட்டுப் பொட்டியும் திரும்பி வந்துரும். சோப்பும் போர்வையும் எங்கள என்ன செய்யும்?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அலுவலர் கோப்பை மூடி, ஒரு செய்தியைச் சொன்னார். இத்தகைய பொட்டலங்களைப் பேரிடர் வருமுன்னரே கட்டி இருப்பில் வைக்கத் தென்மாவட்டத்தில் நிலையான கிடங்கொன்று அமைக்க அரசு எண்ணியிருக்கிறது. இந்த முறை பிழையில்லாமல் முடிக்கும் குழுவுக்கே அந்த வேலை கிடைக்கக்கூடும். பிழை நேர்ந்தால் எல்லாம் சென்னைக்கே போய்விடும்.

செல்வலட்சுமி எழுந்து நின்றதற்குக் காரணமே அந்தக் கிடங்குதான். அவளுடைய மகள் பொன்மணிக்குப் பத்தொன்பது வயது. வாணங்களுக்குள் மருந்து அடைக்கும் அறையில் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வெடிமருந்தை எங்கள் பக்கத்தில் மருந்து என்றுதான் சொல்வோம். அந்த வேலையில் கூலி கூடுதல், ஆபத்தும் கூடுதல். ஜூன் முதல் தேதியிலிருந்து போவதாகப் பொன்மணி ஒப்புக்கொண்டும் விட்டாள்.

பேருந்தில் திரும்பும்போது செல்வலட்சுமி என்னிடம் சொன்னாள்: "கிடங்கு வேலை நெலச்சிட்டா, அவ மருந்து அறைக்குப் போக வேண்டியதில்ல சார். நான் சொன்னா கேக்க மாட்டா. கையில வேற வேலை இருந்தா கேப்பா."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இருபத்தொரு பெண்கள் பள்ளிக்கு வந்தார்கள். வந்தவர்கள் செய்த முதல் காரியம், செருப்புகளை வாசலுக்கு வெளியே வரிசையாக விட்டது. இரண்டாவது, பெரிய கூடத்தின் இரு பக்கக் கதவுகளையும் விரியத் திறந்து, மூடிவிடாதபடி செங்கல் முட்டுக் கொடுத்தது. மூன்றாவது, ஒவ்வொரு கதவோரமும் ஒரு வாளி மணலும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தது.

"இங்கே மருந்து இல்லையே, மணல் எதற்கு?" என்று கேட்டேன்.

அறுபதைக் கடந்த மூக்கம்மாள்தான் அவர்களில் மூத்தவள். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இருந்துட்டுப் போகுது வாத்தியாரய்யா. மணலு என்ன சோறா கேக்குது?"

பிறகு வாசலைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு பொருளின் குவியல். காலி அட்டைப்பெட்டி ஒரு முனையில் புறப்படும். ஒவ்வொருத்தியும் தன் பொருளை உரிய இடத்தில் வைத்து அடுத்தவளிடம் தள்ளுவாள். மறுமுனையில் கடைசிப் பொருளையும் வைத்து நாடா ஒட்டிப் பட்டை கட்டும்போது பெட்டிக்குள் ஒரு விரல் நுழைய இடமிருக்காது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அரை நிமிடத்துக்கு ஒரு பெட்டி வெளியே வந்தது. இடையில் அவர்கள் பேசாத பேச்சில்லை.

"பர்மாக்காரிக எல்லாம் லுங்கிதான் கட்டுவாகளாம்."

"நல்லதாப் போச்சு. சேலைன்னா ஜாக்கெட்டுக்கு அளவு கேக்கணும்."

பதினொரு மணியளவில் லாரியொன்று பள்ளிக்குள் நுழைந்தது. பட்டியலில் பதின்மூன்றாம் பொருள் மெழுகுவத்தி. பதினான்காம் பொருள் பொட்டலம் ஒன்றுக்குப் பத்துத் தீப்பெட்டி கொண்ட ஒரு கட்டு. அந்தத் தீப்பெட்டிகள் எண்பது பெட்டிகளில் வந்திருந்தன. சுமைதூக்குபவர் ஒருவர் முதல் பெட்டியைக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்ததுதான் தாமதம், மூக்கம்மாள் மெழுகுவத்திக் குவியலை விட்டு எழுந்தாள்.

"ஏலே! கூறு கெட்டவனே! தீப்பெட்டியச் செட்டுக்குள்ள கொண்டு வாரீயே, உன்னப் பெத்தாகளா, செஞ்சாகளா? எடுலே வெளிய!"

பட்டாசு ஆலையில் வேலை நடக்கும் அறையைத்தான் செட்டு என்பார்கள். சுமைதூக்குபவர் மிரண்டு போனார். நான்கு பெண்கள் எழுந்து, பள்ளி வளாகத்தின் கடைசி மூலையிலிருந்த புங்கமரத்தடிக்கு எண்பது பெட்டிகளையும் சுமந்து சென்று அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, பக்கத்தில் இரண்டு வாளி மணலையும் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு திரும்பினார்கள். வரிசை மறுபடி ஓடியது. நான் அவர்களுடைய கட்டுப்பாட்டை மெச்சி, என் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினேன்.

இருபத்தொரு பெண்கள், இருபத்திரண்டு பொருள்கள். இந்தக் கழித்தல் கணக்கு மூன்று நாள் என் கண்முன் உட்கார்ந்திருந்தது. கணக்கில் கெட்டிக்காரியான செல்வலட்சுமிக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இன்னும் கேவலம் என்னவென்றால், புங்கமர நிழல் குளிர்ச்சியாக இருந்ததால் அந்தத் தார்ப்பாய் அடுக்கில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான், "இருபத்திரண்டு பொருள்களும் சரிபார்க்கப்பட்டன" என்ற படிவத்தில் மாலைதோறும் நான் கையொப்பமிட்டேன். முப்பத்தோராண்டு பிறர் விடைத்தாளைத் திருத்தியவன் செய்த வேலை அது.

வியாழக்கிழமை காலை நாலாயிரமாவது பெட்டிக்குப் பட்டை கட்டினார்கள். வகுப்பறைகளில் கூரை எட்ட அடுக்கு நின்றது. நான்கு லாரிகள் வாசலில் காத்திருந்தன. மாலை ஆறு மணிக்குள் அவை புறப்பட வேண்டும். சென்னை அலுவலர் பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்திறங்கினார். அடுக்குகளைப் பார்த்து வியந்தார். முறைப்படி ஒரு பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, நீலக் கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தார்.

"பதின்மூன்று, மெழுகுவத்தி ஆறு. இருக்கிறது. பதினான்கு, தீப்பெட்டி ஒரு கட்டு."

அவர் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"தீப்பெட்டி எங்கே?"

"வெளிய இருக்கு சார்" என்றாள் மூக்கம்மாள், பெருமையாக. "பத்திரமா வச்சிருக்கோம்."

அவர் இரண்டாவது பெட்டியைப் பிரித்தார். ஐந்தாவது பெட்டி வரை பிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. என் மாணவர்களை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

செல்வலட்சுமியின் முகம் வெளுத்துவிட்டது. "சார், இது எங்க தப்புதான். செட்டுக்குள்ள தீப்பெட்டியத் தொட்டுப் பழக்கமில்ல. கையி தானா வெளிய கொண்டு போயிருச்சு. உள்ள வைக்கணும்னு யாருக்கும் தோணல."

"இருட்டில் கிடக்கிறவன் மெழுகுவத்தியை எதைக் கொண்டு ஏற்றுவான்? பல்லைக் கொண்டா?" அலுவலரின் குரல் உயர்ந்தது. "ஐந்து மணிக்குள் நாலாயிரம் பெட்டியையும் பிரித்து உள்ளே வையுங்கள். முடியவில்லை என்றால், குழு தகுதியற்றது என்று எழுதிவிட்டுப் போகிறேன்."

அன்று ஒருநாள் உதவிக்கு வந்திருந்த பொன்மணி தாயின் பக்கத்தில் வந்து நின்றாள். "பிரிச்சா அட்டை கிளிஞ்சிரும்மா. வேற பெட்டிக்கு எங்கன போறது?"

"கிளியாமப் பிரிப்போம். கத்திய எடு" என்றாள் செல்வலட்சுமி.

பெண்கள் புங்கமரத்தடிக்கு ஓடிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் வாசற்படியில் நின்றுவிட்டார்கள். ஒருத்தியும் உள்ளே கால் வைக்கவில்லை.

"என்ன நிற்கிறீர்கள்? உள்ளே சோப்பும் பாயும்தானே இருக்கின்றன!" என்றார் அலுவலர்.

"தெரியுது சார். காலு வர மாட்டேங்குது" என்றாள் முன்னால் நின்றவள். பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, இருமி மறைத்தேன். கடைசியில் செல்வலட்சுமியே ஒரு கட்டைக் கையில் எடுத்து, பாம்புக்குட்டியைப் பிடித்ததுபோல் உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்தபடி, வலக்காலை உள்ளே வைத்தாள்.

அப்போதுதான் லாரி ஓட்டுநர் கருத்தப்பாண்டி வாசலுக்கு வந்தார். சாதாரண நாள்களில் இவர் எங்கள் பக்கத்துத் தீப்பெட்டிகளைத் தூத்துக்குடிக்கு ஏற்றுமதி லோடாகக் கொண்டு போகிறவர்.

"மதினி, என்ன செய்தீக? தீப்பெட்டியப் பெட்டிக்குள்ளயா வைக்கீக?"

"ஆமா. வைக்கச் சொல்லுதாக."

"அப்ப நான் லோடு ஏத்த மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கோங்க."

அலுவலர் திரும்பினார். "யாரய்யா நீ?"

"வண்டி ஓட்டுதவன் சார். தீப்பெட்டி தீப்பிடிக்கிற சரக்கு. கப்பல்ல தனியாத்தான் ஏத்துவாக. தனிப் பேப்பர், தனி அடையாளம், தனி எடம். போர்வைக்குள்ள பொதிஞ்சு கொண்டு போனா ஹார்பர் கேட்டுலயே நிறுத்திருவாக. வண்டிய மூணு நாள் வெயில்ல போட்டுட்டு நான் புரோட்டாக் கடையில உக்காரவா?"

"இது அரசாங்கச் சரக்கு. யாரும் நிறுத்த முடியாது."

"அரசாங்கத் தீப்பெட்டின்னா தீப் பத்திக்கிடாதா சார்?" என்று கேட்டார் கருத்தப்பாண்டி, மிகுந்த மரியாதையோடு.

அலுவலர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கொடிக்கம்பத்தடிக்குப் போனார். துறைமுகத்தில் ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். அவர் மூன்றாமவரைக் காட்டினார். மூன்றாமவர் உணவுக்குப் போயிருந்தார். இருபது நிமிடம் அலுவலர் வெயிலில் நின்றதைப் பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். கடைசியில் யாரோ பேசினார்கள். அலுவலரின் வாயிலிருந்து "அப்படியா", "எத்தனை லாரி", "காலையிலிருந்தா" என்ற மூன்று கேள்விகள் மட்டும் எங்களுக்குக் கேட்டன.

அவர் திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. இன்னொரு மாவட்டத்திலிருந்து விடியற்காலையிலேயே போன ஆறு லாரிகளைத் துறைமுக வாசலில் மடக்கி வைத்திருக்கிறார்கள். பட்டியலில் கண்டபடி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தீப்பெட்டியை ஒழுங்காக வைத்துக் கட்டிய பொட்டலங்கள் அவை. வேலியோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

சென்னையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பட்டியல் எழுதியவர்களில் ஒருவராவது தீப்பெட்டி கப்பலில் எப்படிப் போகும் என்று யாரையாவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிவகாசியில் எந்தத் தேநீர்க் கடையிலும் பதில் கிடைத்திருக்கும். அப்போது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செல்வலட்சுமி கையிலிருந்த கட்டை வாசலுக்கு வெளியே வைத்தாள். பெருமூச்சு விட்டாள். அடுத்த நொடியே அவளுக்குள்ளிருந்த போர்மேன் விழித்துக்கொண்டாள்.

"பாண்டி, தீப்பெட்டிக் கம்பெனியில ஏற்றுமதிப் பேப்பர் எழுதுதவரு இருப்பாருல்ல? ஆபீசர் சாரக் கூட்டிட்டுப் போயி எண்பது பெட்டிக்கும் தனிப் பேப்பர் போட்டு வாங்கு. தனி வண்டி ஒண்ணும் சொல்லிரு. பொன்மணி, நீ திருத்தங்கல் பிரஸ்ஸுக்குப் போ. பர்மாவுல பொட்டியக் குடுக்குதவனுக்கு, தீப்பெட்டி தனியா வருதுன்னு தெரியணும்."

"நம்ம எழுத்து அவுகளுக்குத் தெரியாதேம்மா."

"எழுத்து எதுக்கு? ஒரு பொட்டி, பக்கத்துல ஒரு கூட்டல் குறி, ஒரு தீப்பெட்டிப் படம். படம் எல்லா ஊருக்கும் தெரியும்."

பொன்மணி அண்டை வீட்டாரின் சைக்கிளில் ஏறிப் பறந்தாள். மூன்று மணிக்குள் நாலாயிரம் சீட்டுகளோடு திரும்பினாள். மை சரியாகக் காயக்கூட இல்லை. பசை காய்ச்சி வைத்திருந்தார்கள். இங்குள்ள பெண்களுக்குத் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவது நடக்கப் பழகும்போதே வந்த வேலை. நாலாயிரம் பெட்டிகளின் மேலும் அந்தச் சீட்டை அவர்கள் ஒட்டி முடிக்க முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நானும் ஒட்டினேன். நான் ஒட்டிய பதினேழையும் மூக்கம்மாள் உரித்துவிட்டு நேராக ஒட்டினாள்.

ஐந்தரை மணிக்கு நான்கு லாரிகளும் புறப்பட்டன. அவற்றுக்குப் பின்னால், அலுவலரும் கருத்தப்பாண்டியும் வாங்கி வந்த தனிப் பேப்பரோடு, அபாய அடையாளமாகச் சிவப்புத் துணி கட்டிய வண்டியில் தீப்பெட்டிகள் தனியே போயின.

அலுவலர் நாற்காலியில் அமர்ந்து அறிக்கை எழுதினார். எழுதி முடித்து, கையொப்பத்துக்காகச் செல்வலட்சுமியிடமும் என்னிடமும் நீட்டினார். நான் உரக்க வாசித்தேன்: "அலுவலரின் அறிவுரைப்படி, மகளிர் குழுவினர் தீப்பெட்டிகளை முன்யோசனையோடு முதல் நாளே தனியே பிரித்து வைத்தனர்."

எனக்கு இரத்தம் கொதித்தது. ஆயினும் செல்வலட்சுமிக்கு இதில் கிடங்கு அடங்கியிருக்கிறது என்பதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அவள் பேனாவை வாங்கவில்லை. "இது நடக்கலையே சார்."

"உங்களுக்கு நல்லதாகத்தானே எழுதியிருக்கிறேன்? மறந்துவிட்டோம் என்று எழுதினால் கிடங்கு வேலை கிடைக்குமா?"

"எம்மா, போட்டுத் தொலையேன்" என்றாள் பொன்மணி, தாயின் காதருகே. அலுவலருக்கும் கேட்டது.

செல்வலட்சுமி மகளைப் பார்த்தாள். பிறகு அலுவலரிடம் சொன்னாள்: "இருபத்திரண்டு பொருளுக்கு இருபத்தொரு பேர உக்கார வச்சேன் சார். அது என் தப்பு. வெளிய வச்சது தீப்பெட்டியாப் போனதால தப்பிச்சோம். அடுத்த தடவ விட்டுப்போறது தண்ணி மாத்திரையா இருந்தா, அத வாங்குற பிள்ளைக்கு வயித்தால போகும். யோசிச்சுச் செஞ்சோம்னு எழுதிட்டா, தப்பு எங்க நடந்துச்சுன்னு யாரும் தேட மாட்டாக. இப்படி எழுதுங்க: காலையில வரிசை தொடங்கு முன்னாடி, பட்டியல வாசிச்சு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஆளு கை தூக்கணும். தூக்காத பொருள் எதுன்னு அப்பவே தெரிஞ்சுரும்."

நான் எழுந்து நின்றேன். "மூன்று நாளும் பார்க்காமல் கையொப்பமிட்டவன் நான். அதையும் எழுதுங்கள். எழுதவில்லையென்றால், நானே தனியாக எழுதி மேலே அனுப்புவேன். எழுதுவதற்கு எனக்கு நேரம் நிறைய இருக்கிறது."

அலுவலர் எங்களிருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த ஊரில் யாருமே தப்பை அடுத்தவர் மேல் போட மாட்டீர்களா?" என்று சலித்துக்கொண்டு, காகிதத்தைக் கிழித்துப் போட்டார். புதிய தாளில் நடந்ததை எழுதினார். ஓட்டுநர் கருத்தப்பாண்டியின் பெயரையும், தயங்கித் தயங்கி, சேர்த்தார். அந்த ஒரு செயலுக்காக அவரை நான் முக்கால் பங்கு மன்னித்துவிட்டேன்.

மே மாதம் முப்பதாம் தேதி கடிதம் வந்தது. பொன்மணி மருந்து அறைக்குப் போக இரண்டு நாளே இருந்தது. செல்வலட்சுமி உறையைப் பிரிக்கவில்லை; என்னிடம் கொடுத்து, "நீங்களே வாசிங்க சார்" என்றாள்.

கடிதத்தில், இனி எல்லா மாவட்டங்களிலும் தீப்பெட்டி தனியே அனுப்பப்பட வேண்டும் என்று ஒரு பத்தி. வரிசை தொடங்குமுன் பட்டியலை வாசித்துக் கை தூக்கும் முறை எல்லாக் கிடங்குகளிலும் பின்பற்றப்பட வேண்டும் என்று ஒரு பத்தி. மூன்றாம் பத்தியில், தென்மாவட்டக் கிடங்கு ஆமத்தூரில் அமையும். மகளிர் குழுவினர் இருபத்திரண்டு பேரோடு ஜூன் இரண்டாம் தேதி பணி தொடங்கலாம்.

"இருபத்திரண்டா? நாம இருபத்தொரு பேருதான?" என்றாள் மூக்கம்மாள்.

"இருபத்திரண்டாவது நான்தான் பெரியாத்தா" என்றாள் பொன்மணி. அவள் அதைச் சொன்ன வேகத்தில், மருந்து அறைக்குப் போக அவளுக்கும் அவ்வளவாக விருப்பம் இருந்ததில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. செல்வலட்சுமி திரும்பி நின்று, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

மூக்கம்மாளுக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. "இந்தப் பெட்டி எல்லாம் எந்த ஊருக்கு வாத்தியாரய்யா?"

"எந்த ஊருக்கும் இல்லை. இனிமேல் வரப்போகும் புயலுக்காக முன்கூட்டியே கட்டி வைப்பது."

"வராத புயலுக்கா?" அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்ப வராமலே போகட்டும். நாம கட்டிக்கிட்டே இருப்போம்."